துரையின் கம்பளிக் கூடாரத்தில் ஒரு வாய்த் தேநீர்

வெள்ளைக்காரத் துரைமார் பேசும் தமிழ் புரியாவிட்டால் இன்னொரு தடவை கேட்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் ஒருவரும் கேட்பதில்லை. பவ்வியமாகத் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, "என்னா சொன்னாரு?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதுதான் எங்கள் காலத்து இலங்கை மலைநாட்டு வழக்கம். அதை நான் ஒழுங்காகக் கடைப்பிடித்தவன். அதனால்தான் ஒரு ராத்திரி மொங்கோலியாவில் தங்கிவிட்டு வந்தேன். (கப்பலில் போகவில்லை. கலஹாவுக்கு மேலே மாட்டு வண்டியில் போனேன்.)

அப்போது நாவலப்பிட்டிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை வாட்டி அரைத்துத் தேயிலையாக்கும் டீமேக்கராக இருந்த என் தாய்மாமனிடம் வேலை பழகிக்கொண்டிருந்தேன். டவுனில் சில்லறைக்கடை வைத்திருந்த சவரிமுத்து முதலாளிக்குப் பிலோமினா என்று ஒரு மகள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்ததில், எல்லாரும் எழுந்து நிற்கும்போது நான் முழங்காலிட்டுக்கொண்டிருப்பேன். மாமா போய்ப் பெண் கேட்டார். முதலாளி சுருக்கமாகப் பதில் சொன்னார்: "தம்பிய உத்தியோகத்தோட வரச் சொல்லுங்க. பொறகு பேசுவோம்."

கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் உதவி டீமேக்கர் வேலை காலியாக இருந்தது. போய் நின்றேன். அந்தத் தோட்டத்துத் துரை நீண்ட லீவில் சீனா வழியாக எங்கெங்கோ வேட்டைக்குப் போய் அப்போதுதான் திரும்பியிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லது. சனிக்கிழமை நீ வாறது. கெர்-ல படுக்குது. காலையில நான் பாக்குது."

'கெர்' என்றால் என்ன என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சிங்களத்தில் வீட்டுக்குக் 'கெதர' என்பார்கள் அல்லவா? துரை தமிழோடு சிங்களத்தைக் கலந்து பேசுகிறார், வாலை மட்டும் விழுங்கிவிட்டார் என்று நானே முடிவு கட்டினேன். ஆக, துரையின் பங்களாவில் நான் விருந்தாளி! கங்காணிகளே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற பங்களாவில் எனக்குக் கட்டில்! இந்தச் செய்தியை நாவலப்பிட்டியில் நான் சொல்லாமல் விட்ட ஆள் ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர்தான். (அவர் அன்று லீவு.) முதலாளியே கேள்விப்பட்டு, தன் கலியாணக் கோட்டை எனக்கு இரவல் அனுப்பினார். கை இரண்டும் உள்ளே காணாமல் போகிற அளவு பெரிய கோட்டு.

சனிக்கிழமை சாயந்தரம் கொட்டுகிற மழையில் போய்ச் சேர்ந்தேன். பங்களாவில் சமையல் செய்யும் அப்பு குடையோடு வந்து, என்னைப் பங்களாவுக்குள் அழைக்காமல் பின்பக்கப் புல்வெளிக்குக் கூட்டிப்போனார். அங்கே வட்டமாக, வெள்ளையாக, இட்லிப் பானை மூடியைக் கவிழ்த்த மாதிரி ஒன்று நின்றது.

"இதுதாங்க கெரு. மொங்கோலியாக்காரங்க வீடு. செம்மறி ஆட்டு மயித்தால செஞ்சது. தொர கப்பல்ல கொண்டாந்தாரு."

"இதுல நான் எதுக்குங்க?"

"பக்கத்துத் தோட்டத்துத் தொரைமாரெல்லாம் ஒரு ராத்திரி படுத்தாங்க. ஒருத்தரும் ரெண்டாந்தரம் வரல. அதான் இப்ப வேல கேட்டு வர்றவங்கள புடிச்சுப் போடுறாரு. பாத்துங்க, வாசப்படிய மிதிச்சிராதீங்க. அந்த ஊருல அது ஆகாதாம். தொரைக்குக் கோவம் வரும்."

அதற்குள் உள்ளேயிருந்து துரையின் குரல் உற்சாகமாகக் கேட்டது: "நாய் புடி! நாய் புடி!"

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். தொழிலாளர் லயத்து நாய் ஒன்று மழைக்கு ஒதுங்கி நின்றது. துரை உத்தரவு. பாய்ந்து அதைப் பிடித்துக் கோட்டுக்குள் அமுக்கிக்கொண்டு உள்ளே போய் அவர் முன்னால் நின்றேன். துரை நாயைப் பார்த்தார். நாய் துரையைப் பார்த்தது. மூவரில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. (மொங்கோலியாவில் கதவைத் தட்டமாட்டார்களாம். வருகிறவன் வெளியே நின்று 'நாயைப் பிடியுங்கள்' என்று குரல் கொடுக்க வேண்டுமாம். அதை நான் சொல்ல வேண்டும் என்றுதான் துரை சொல்லிக்கொடுத்தாராம். அப்பு இதையெல்லாம் வெகுநாள் கழித்துத்தான் சொன்னார்.)

அந்த இரவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கூரையின் நடுவில் புகை போக ஒரு பெரிய ஓட்டை. மொங்கோலியாவில் மழை குறைவு போலிருக்கிறது. கலஹாவில் அப்படி இல்லை. கம்பளி தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்து, ஒரு மந்தை ஆடு நனைந்து வந்து என்னைச் சுற்றிப் படுத்த மாதிரி நாறியது. அட்டைகள் வேறு வந்து விசாரித்துவிட்டுப் போயின. பிலோமினாவை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

காலையில் துரை வந்தார். நடுவில் இருந்த அடுப்பைத் தன் கையாலேயே மூட்டினார். தேயிலை, பால், இன்னும் என்னவோ போட்டுக் காய்ச்சி, ஒரு மரக் கிண்ணத்தில் ஊற்றி வலது கையால் நீட்டினார். "நீ பாக்குது!" என்று என் முகத்தையே பார்த்தபடி இருந்தார்.

அப்பாடா! இரவு முழுவதும் குழம்பிக் கிடந்தவனுக்கு முதன்முறையாக ஒரு விஷயம் தெளிவாகப் புரிந்தது. இதுதான் பரீட்சை. தேயிலையை ருசி பார்த்துச் சொல்ல வேண்டும். இதில் என்னை யாரும் அசைக்க முடியாது. சோதிக்கிறவன் ஒரு சொட்டும் விழுங்கக்கூடாது என்பது மாமா சொல்லிக்கொடுத்த பாடம். தொழிற்சாலை கிடுகிடுக்க உறிஞ்ச வேண்டும், நாக்கில் உருட்ட வேண்டும், துப்ப வேண்டும். உறிஞ்சினேன். உருட்டினேன். ஒரே உப்பு! துப்புவதற்குப் பாத்திரம் தேடினேன். எங்கும் இல்லை. எதிரே அடுப்புத்தான் இருந்தது.

'சுர்ர்ர்' என்றது. சாம்பல் எழும்பித் துரையின் மீசையில் படிந்தது. நான் வாயைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பைச் சொன்னேன்.

"கொழுந்து வாட்டம் பத்தலங்க தொர. உப்புக் கரிக்குது. இத கொழும்புக்கு அனுப்புனா திருப்பி அனுப்பிருவாங்க."

துரையின் முகம் செம்பருத்திப் பூவாகச் சிவந்தது.

"நெருப்பு சாமி! நீ சாமி மேல துப்புது! போ! வெளியே போ!"

இங்கிலீஷ் கோயிலுக்குப் போகிற துரைக்கு நெருப்பு எப்போது சாமியானது? (மொங்கோலியாவில் உப்புத் தேநீர் விருந்தாளிக்குச் செய்யும் உபசாரம், அடுப்பு நெருப்பு சாமி என்று அப்பு பிறகு சொன்னார்.) எதற்கும் இருக்கட்டும் என்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஓடினேன். ஓடிய அவசரத்தில் வாசற்படியை நன்றாக மிதித்தேன். வேலையும் போயிற்று, பெண்ணும் போயிற்று என்று கலஹாச் சந்தியில் நின்று, வெட்கமில்லாமல் அழுதேன்.

நாவலப்பிட்டிக்கு எனக்கு முன்பே செய்தி போய்விட்டது. அன்று மாலை முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் ஈரக் கோட்டை நீட்டினேன். வாங்கவில்லை.

"தொர குடுத்த தேத்தண்ணிய அவரு மொகத்துக்கு முன்னாலயே துப்புனீங்களாமே?"

"ஆமாங்க."

"ஏன்?"

"நல்லா இல்லீங்க."

முதலாளி திண்ணையில் உட்கார்ந்தார். "இருவது வருசமா தொரைமாருக்குச் சாமான் குடுக்குறேன். ஒருநாளாச்சும் நிமிந்து நின்னு ஒரு வார்த்த சொன்னதில்ல," என்றார். நான் நீட்டிய கோட்டை என் பக்கமே தள்ளினார். "கோட்டு ஒங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி. கலியாணத்துக்கு வேணும்."

அது பரீட்சை என்று நினைத்துத் துப்பினேன் என்று எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். தன்னடக்கம் என்கிறார்கள். பிலோமினா ஒருத்திக்குத்தான் உண்மை தெரியும். கலியாணத்துக்கு மறுநாள் அவள் தந்த முதல் தேநீரோடு வெற்றிலைப் படிக்கம் ஒன்றும் வந்தது. "குடிக்கிறதுன்னா குடிங்க. துப்புறதுன்னா இதுல துப்புங்க. என் அடுப்புப் பக்கம் வராதீங்க."

இன்றுவரை எங்கள் வீட்டில் தேநீரோடு படிக்கமும் வரும். போன வருடம் மூத்த மகளைப் பெண் பார்க்க வந்த பையனுக்கும் பழக்கதோஷத்தில் வைத்துவிட்டார்கள். அவன் தேநீரைப் பார்த்தான், படிக்கத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கேட்கலாமா என்று யோசித்தான். கேட்கவில்லை. எங்கள் குடும்ப வழக்கமாக்கும் என்று எண்ணி, ஒரு வாய் உறிஞ்சி, எழுந்து நின்று, மிகுந்த மரியாதையோடு துப்பினான்.

"நம்ம ஆளுதான்," என்றாள் பிலோமினா.