சோப்பு காய்ச்சிய சட்டி

அடுப்பே பற்றவைக்கவில்லை. ஆனாலும் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது.

லெட்சுமணன் குனிந்து அடுப்பின் திருகைப் பார்த்தார். மூடித்தான் இருந்தது. சட்டிக்குள் காஸ்டிக் சோடாவும் தண்ணீரும் சீறி, நுரைத்து, சாம்பல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. கண் எரிந்தது. காய்கறி நறுக்கும் மேசையில் அளந்து வைத்த தேங்காயெண்ணெய், தன் முறை எப்போது வரும் என்று அமைதியாகக் காத்திருந்தது.

பாசீர் கூடாங்கில் ஓர் எண்ணெய் ஆலையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து, ஓய்வு பெற்று ஐந்து வாரம் ஆகியிருந்தது. இந்த ஐந்து வாரத்தில் மாசாய் தரைவீட்டின் மின்விசிறி ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை முனகும் என்பது அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. அப்போதுதான் கைத்தொலைபேசியில் ஒரு பெண் வீட்டிலேயே சோப்பு செய்து காட்டினாள். எண்ணெய், தண்ணீர், சோடா. அவ்வளவுதான். எண்ணெயைப் பற்றி எனக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்று நினைத்தவர், முதல் நான்கு நிமிடத்தை ஆரம்பப் பள்ளிக்காரர்களுக்கு விட்டுவிட்டு ஐந்தாவது நிமிடத்திலிருந்து பார்த்தார்.

இப்போது முதல் நிமிடத்திலிருந்து ஓடவிட்டார்.

"மொதல்ல ஒரு முக்கியமான விஷயம்," என்று அந்தப் பெண் சிரித்தாள். "அலுமினியச் சட்டி மட்டும் வேணவே வேணாம்!"

லெட்சுமணன் சட்டியைப் பார்த்தார். அது அலுமினியச் சட்டி. அதுமட்டுமல்ல, அது அம்மாவின் சட்டி.

எவர்சில்வரில் ஏதாவது ஒன்றை எடுத்தால் மனைவி கஸ்தூரி கண்டுபிடித்துவிடுவாள் என்றுதான், வருடத்துக்கு ஒருமுறை இறங்கும் இந்தச் சட்டியை அலமாரி மேலிருந்து எடுத்தார். அம்மாதானே, கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நினைத்தார். அம்மாவைவிட மருமகள்தான் இப்போது அந்தச் சட்டிக்குச் சொந்தக்காரி என்பது அந்த நேரத்தில் மறந்துபோயிற்று.

அதுதான் லெட்சுமணன் அடிக்கடி உட்கார்ந்து யோசிக்கும் விஷயம். அம்மா உயிரோடு இருந்தவரை கஸ்தூரிக்கும் அம்மாவுக்கும் ஒரு நாள்கூட ஒத்துப்போனதில்லை. அம்மா போன பிறகோ, கஸ்தூரி அந்தச் சட்டியைத் துண்டில் சுற்றி, அலமாரி உச்சியில் வைத்து, அவரைக்கூடத் தொடவிடுவதில்லை. திதியன்று தானே இறக்கி, தானே பாயசம் வைத்து, தானே கழுவித் துடைத்து மேலே ஏற்றிவிடுவாள். மனித மனம் எவ்வளவு ஆழம் என்று அவர் மணிக்கணக்கில் மௌனமாக வியந்ததுண்டு.

நாளைக்குத் திதி.

சட்டியைக் கந்தையால் பிடித்துப் பின்வாசலுக்குக் கொண்டுபோய், நிறையத் தண்ணீர் விட்டுக் கொட்டினார். உள்பக்கம் கறுத்து, அம்மை போட்ட முகம்போல் குழி விழுந்திருந்தது.

பின்சந்தின் எதிர்வீட்டுக் காளியம்மா துணி காயப்போட வந்தவள் மூக்கைப் பிடித்தாள். "அலமாக்! என்னண்ணே, எலி செத்துப்போச்சா?"

"சோப்பு செய்யறேன்."

"சோப்புன்னா வாசனையால்ல இருக்கும்!" எட்டிப் பார்த்தாள். "ஐயையோ, இது கஸ்தூரி அக்காவோட உசுருல்ல! சாவப்போறீங்கண்ணே."

"கறைதான் காளி. தேய்ச்சா போயிரும்."

"புளி போட்டுத் தேய்ங்க. எங்க வீட்டு வெளக்கெல்லாம் புளியிலதான் பளபளக்குது."

புளி வந்தது. லெட்சுமணன் தேய்த்தார். கறுப்பு கொஞ்சம் விட்டது. உற்சாகம் வந்து அழுத்தித் தேய்த்தார். கட்டைவிரல் அடிப்பக்கமாக வெளியே வந்து காளியம்மாவைப் பார்த்தது.

காளியம்மா மிச்சமிருந்த புளியை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"புளி நல்ல புளிதான்," என்றாள் காளியம்மா, மெதுவாக.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. கஸ்தூரி. தொழிற்சாலையில் சாப்பாட்டு வேளை.

"என்னா செய்றீங்க?"

"சும்மாதான்... உக்காந்திருக்கேன்."

"உக்காந்தே இருங்க. திதிக்கு எதையாவது எடுத்து வைக்கிறேன்னு அலமாரியில கை வைக்காதீங்க. சட்டிய நான் வந்துதான் எறக்குவேன். புரியுதா? உங்க அம்மா சட்டி அது. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது."

"ம்."

"என்னா குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"புளி," என்றார் லெட்சுமணன்.

தொலைபேசியை வைத்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. சோடாவாலும் இருக்கலாம். முப்பது வருடத்தில் மனைவி ஒன்றே ஒன்றைத்தான் தாங்க முடியாது என்று சொல்லியிருக்கிறாள். அதில் இப்போது ஓட்டை.

ஐந்தரைக்குத் தொழிற்சாலை பஸ் அவளைச் சாலை முனையில் இறக்கிவிடும். மணி ஒன்றேகால்.

ஓட்டைச் சட்டியை அரிசிச் சாக்கில் போட்டு, மோட்டார் சைக்கிளில் சுல்தான் பாயின் பாத்திரக் கடைக்குப் பறந்தார். வெள்ளிக்கிழமை. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். மருமகள் ஆப்ரின்தான் இருந்தாள். சாக்கைத் திறக்காமலே கையால் அகலம் காட்டினார். அதே அளவில், அதே வளைந்த காதுகளோடு ஒரு சட்டி கிடைத்தது.

ஒரே ஒரு குறை. அதில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம்.

"இது கல்யாணப் பொண்ணு மாதிரில்ல இருக்கு," என்றாள் காளியம்மா. "கெழவியாக்கணும்ணே."

புதுச் சட்டியின் அடியை அடுப்புத் தீயில் காட்டிக் கறுப்பாக்கினார்கள். அடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டு உருகி, வீடு முழுக்க பிளாஸ்டிக் வாடை. அதை மறைக்க சாம்பிராணி போட்டார். இப்போது கோயிலுக்குப் பக்கத்தில் டயர் எரிந்ததுபோல் இருந்தது.

அடுத்து, பழைய சட்டியின் வயிற்றில் இருந்த நசுங்கல். பழைய சட்டியை முன்னால் வைத்து, சுத்தியலை எடுத்தார்.

"இன்னும் கொஞ்சம் எடது பக்கம்," என்றாள் காளியம்மா. "ஆங், அங்கதான். உங்கம்மாவே சொல்லியிருக்காங்க. அது விழுந்த நசுங்கல் இல்ல. உங்க அப்பா மேல எறிஞ்ச நசுங்கல். பலமா அடிங்க!"

பலமாக அடித்தார். சட்டி வட்டம் போய் முட்டையானது. அதை நிமிர்த்த உள்ளிருந்து அடித்தார். எதிர்ப்பக்கத்தில் ஒரு புடைப்பு வந்தது. புடைப்பை அமுக்கியபோது ஒரு காது ஆடத் தொடங்கியது.

"அண்ணே, போதும்லா. இன்னும் அடிச்சா இது உங்க பாட்டியோட சட்டியா ஆயிரும்."

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அரை இருட்டில், கண்ணாடி போடாமல், தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருந்தன. அப்போதுதான் காளியம்மா பழைய சட்டியின் விளிம்பைத் தடவினாள்.

"பேரு?"

விளிம்புக்குக் கீழே அம்மாவின் பெயரும் ஊரும் புள்ளி புள்ளியாய் வெட்டியிருந்தன: கிருஷ்ணம்மா, பெக்கோக்.

ஆணியை வைத்து லெட்சுமணன் ஒரு புள்ளி போட்டுப் பார்த்தார். ஆணி வழுக்கிப் பெருவிரலில் இறங்கியது. மணி நாலே கால்.

விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, இரண்டு சட்டியையும் சாக்கில் போட்டு, மறுபடியும் கடைக்கு ஓடினார். இந்த முறை சுல்தான் பாய் இருந்தார். எழுபது வயது. பாத்திரத்தில் பெயர் வெட்டுவதில் அந்த வட்டாரத்தில் அவரை விட்டால் ஆள் கிடையாது.

"பாய், அவசரம். இதுல இருக்கறது அப்படியே அதுல வரணும். அச்சு அசலா. அஞ்சரைக்குள்ள."

பாய் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். புதுச் சட்டியைப் பார்த்தார். "இது மேல யாரு லோரி ஏத்துனது?"

"அது... அப்படித்தான் பாய் வேணும்."

பழைய சட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஓட்டை வழியாகத் தெருவைப் பார்த்தார். லெட்சுமணனுக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும்போல் இருந்தது. கொட்டினார். சோப்பு, சோடா, புளி, நாளைய திதி, கஸ்தூரியின் குரல், எல்லாம்.

"அம்மாவோட ஞாபகம்னு இருக்கறது இது ஒண்ணுதான் பாய். அதவிட, அவ இத எப்படி வெச்சிருந்தா தெரியுமா? என்னக்கூடத் தொடவிடமாட்டா. அந்த நம்பிக்கைய ஒடைச்சிட்டேன். அவ மூஞ்சிய எப்படிப் பாக்கறது?"

பாய் எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டு போனார்.

"இந்தப் பேரு எப்ப வெட்டுனதுன்னு நெனைக்கிறீங்க?"

"பெக்கோக்குல, அம்மா கல்யாணத்தப்ப. அறுபது வருசத்துக்கு மேல இருக்கும்."

பாய் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, உளியை எடுத்து, நுனியை ஊதினார்.

"இது நான் வெட்டுன எழுத்து தம்பி. ரெண்டு வருசத்துக்கு முன்னால உங்க வீட்டம்மா இதே மாதிரி ஒரு ஓட்டச் சட்டியச் சாக்குல சுத்திக்கிட்டு வந்து அழுதாங்க. அவங்களும் சோப்புதான் காய்ச்சினாங்களாம்."