நமது நிருபர்

“இது உங்க ஆபீஸ் குடுத்த கார்டு. நாங்க குடுத்த கார்டு எங்க?” என்று கேட்டார் லிஸ்ட் சார்.

காவல் ஆணையர் அலுவலகம், ஏழாம் அறை. செய்தியாளர் சந்திப்புக்கு யார் யார் உள்ளே போகலாம் என்ற பட்டியல் இந்த உதவி ஆய்வாளரிடம்தான் இருந்தது. அவருடைய சொந்தப் பெயரை எல்லாரும் மறந்து பல வருடம் ஆகிவிட்டது.

“அதுக்கு விண்ணப்பம் குடுத்து நாலு மாசமாச்சு சார்” என்றாள் அந்த இளம் நிருபர்.

“பேரோட வந்த செய்தி மூணு வைக்கணுமே. வச்சீங்களா?”

மூன்று என்ன, முப்பது வைத்திருந்தாள். எல்லாவற்றிலும் தலைப்புக்குக் கீழே ‘நமது நிருபர்’ என்றுதான் இருந்தது. அவளுடைய பத்திரிகையில் பெயர் போடும் உரிமை ஆசிரியர் ஒருவருக்கே. அவள் வீட்டில் முதல் பட்டதாரி. பேப்பர் வந்ததும் அம்மா, “உன் பேரு எங்கடி?” என்பாள். அவள் ‘நமது நிருபர்’ மேல் விரலை வைப்பாள். அம்மா நம்பிவிட்டாள். லிஸ்ட் சார் நம்பவில்லை.

“நமது நிருபர்ங்கறது நீங்கதான்னு என்ன ஆதாரம்? இப்படி யார் வேணா சொல்லலாம். நான்கூடச் சொல்லலாம்.”

மணி பத்தரை. பதினொன்றுக்குச் சந்திப்பு. அவள் சட்டைப் பையில் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. போன வாரம் அலுவலகத்துக்குத் தபாலில் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. ‘போலீஸ் பறிமுதல் செய்த பைக்குகள் பன்னிரண்டு. பதிவேட்டில் இருக்கு, யார்டில் இல்லை’ என்று மை பேனாவால் எழுதி, கீழே வண்டி எண்கள். மழையில் நனைந்து கடைசி எண் மட்டும் கரைந்து போயிருந்தது. மீதிப் பதினொரு வண்டிக்காரர்களையும் அவள் தேடிப்பிடித்தாள். பறிமுதல் வண்டிகளை நிறுத்தும் அந்த யார்டின் மதில்மேல் ஏறியும் பார்த்தாள்.

ஆசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார்: “துணை ஆணையர் வாயால ஒரு பதில் வாங்கிட்டு வா, நீ நிருபர். இல்லன்னா நாளைலேர்ந்து இரங்கல் விளம்பரப் பகுதி.”

“எங்க ஆசிரியர்கிட்டயே கேளுங்க சார்” என்று எண்ணைக் கொடுத்தாள். அங்கேதான் கெட்டது.

லிஸ்ட் சார் ஸ்பீக்கரில் போட்டு, கார்டிலிருந்த பேரையும் படித்தார். “அரசாங்க ஆபீஸ்லேர்ந்து பேசறோம். இந்தப் பொண்ணு உங்ககிட்ட வேலை பாக்குதா?”

ஆசிரியர் விவரமானவர். இரண்டு வருடமாக ‘பயிற்சி’ என்று சொல்லியே அவளை எந்தப் பதிவேட்டிலும் ஏற்றாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். அரசாங்கம் என்றால் அவருக்குத் தொழிலாளர் துறைதான்.

“அப்படி யாரும் இங்க வேலை பாக்கலையே சார். பேரே கேள்விப்பட்டதில்ல.” இணைப்பு துண்டிக்கப்பட்டது.

லிஸ்ட் சார் முகம் மலர்ந்தது. போலி நிருபர்களைப் பிடிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்து மூன்று மாதம். ஓர் ஆள்கூடச் சிக்கவில்லை.

“அவர் பயந்துபோய்ச் சொல்றார் சார்.”

“எல்லாப் போலியும் இப்படித்தாம்மா சொல்லும்.”

“இதுவரைக்கும் எத்தனை போலியப் பாத்திருக்கீங்க?”

“நீதான் முதல்.”

சோதனை போடப் பெண் காவலர் ஒருத்தி வந்தாள். “கையைத் தூக்கும்மா.” காவலரின் கை அந்த மடித்த தாளின்மேல் ஒரு நொடி நின்றது. பிறகு நகர்ந்தது. “ஒண்ணுமில்ல சார். ஒரு பேனாதான்.” பேனா மேசைக்குப் போனது.

எழுத்தர் படிவத்தை எடுத்தார். “தொழில்?”

“நிருபர்.”

“அதைப் போட முடியாது. அதுதானே குத்தமே.” கொஞ்சம் யோசித்து, “போலி நிருபர்னு போடறேன். எத்தனை வருஷமா?”

“ரெண்டு வருஷமா.”

“சம்பளம் உண்டா?”

“எப்பவாவது.”

பெண் காவலர் தொண்டையைச் செருமினாள். “சார், பதினோரு மணிக்கு எல்லாப் பத்திரிகையும் வருது. புடிச்ச ஆளைக் கையோட மேடையில நிறுத்தினா உங்களுக்குத்தானே பேரு.”

லிஸ்ட் சாருக்கு அது பிடித்துப்போனது.

“நான் உங்களுக்கு என்னக்கா கெடுதல் பண்ணேன்?” என்றாள் அவள். பெண் காவலர் அவள் கையை இறுக்கிப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள்.

கூடத்தில் முப்பது பேர் பட்டியல்படி உட்கார்ந்திருந்தார்கள். துணை ஆணையர், தமது துறை போலி நிருபர் ஒருவரைப் பிடித்த திறமையைப் பத்து நிமிடம் வாசித்தார். பிடிபட்டவள் அவருக்குப் பின்னால், ஒலிவாங்கிக்கு இரண்டடியில் நின்றாள்.

“கேள்வி இருந்தா கேக்கலாம்.”

முப்பது பேரும் கைபேசியைப் பார்த்தார்கள்.

“எனக்கு ஒண்ணு இருக்கு சார்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

தடுக்க வேண்டியவள் பெண் காவலர். அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். தாள் பிரிந்தது. பதினொரு எண்களும் ஒலிபெருக்கியில் ஒவ்வொன்றாக விழுந்தன. “பன்னண்டாவது நம்பர் அழிஞ்சுபோச்சு சார். நீங்க பறிமுதல் பண்ணின இந்த வண்டியெல்லாம் இப்ப எங்க?”

“நிருபர்கள் மட்டும்தான் கேள்வி கேக்கலாம்” என்றார் துணை ஆணையர்.

முன்வரிசை வழுக்கைத் தலை நிருபர் மெதுவாக எழுந்தார். பட்டியலில் முதல் பெயர் அவருடையது. “சரி சார், நானே கேக்கறேன். அந்தப் பொண்ணு கேட்டதேதான்.”

முப்பது கைபேசிகளும் மேடைப் பக்கம் திரும்பின. துணை ஆணையர் லிஸ்ட் சாரைப் பார்த்தார். லிஸ்ட் சார் பட்டியலைப் பார்த்தார். அதில் பைக் எதுவும் இல்லை.

“அது... தேடிட்டிருக்கோம்” என்றார் துணை ஆணையர்.

பதில் கிடைத்துவிட்டது. எழுதிக்கொள்ளத்தான் பேனா இல்லை. அவள் கையைப் பிடித்திருந்த பெண் காவலர், விறைப்பாக நேரே பார்த்தபடியே, தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினாள்.

“பன்னண்டாவது நாப்பத்தேழு முப்பத்தொண்ணு, எழுதிக்க. மழை வரும்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே பால்பாயிண்ட்ல எழுதியிருப்பேன்.”