முடுக்குச் சாவியும் என் நடுநிலையும்

அவசரப்பட்டுக் கிடைத்த நீதி எதுவும் உலகில் நிலைத்ததில்லை. ஆகவேதான் சமரசகர்களாகிய நாங்கள் பேசுவதற்கு முன் திட்டமிடுகிறோம். திட்டமிடுவதற்கும் ஒரு திட்டம் போடுகிறோம். பாளையங்கோட்டை முடுக்குத் தகராறில் வக்கீலும் சமரசகருமாகிய நான் ஆற்றிய பணியே இதற்குச் சான்று.

ஓய்வுபெற்ற டீச்சர் சாரம்மாளின் வீட்டுக்கு ஒரே வழி முடுக்கு எனும் அந்த ஒடுக்கமான சந்துதான். கொழுந்தன் அப்பாத்துரை அதில் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். முதல் அமர்வை ஜெபத்தோடு தொடங்கினேன். சாவி யாரிடம் இருந்தாலும் பாரபட்சம் அல்லவா? முடிவு வரும்வரை என் சட்டைப்பையில் இருக்கட்டும் என்றேன். பழக்கதோஷத்தில் இருவரும் 'ஆமென்' சொல்லிவிட்டார்கள்.

டீச்சர் மதிலில் ஏணி சாத்தி வீட்டுக்குப் போய்வந்தார். இரண்டாம் அமர்வில் அப்பாத்துரை பொங்கினார்.

"ஏணி எஞ் சுவத்துலல்லா சாஞ்சிருக்கு! சுவரு வெடிச்சா யாரு பொறுப்பு வே?"

நியாயம்தானே. டீச்சர் வீட்டுக்குள் போய்ச் சேர்ந்ததும் ஏணியையும் 'இடைக்கால ஏற்பாடாக' என் ஆபீசுக்கு எடுத்துவரச் செய்தேன். பாலும் காய்கறியும் கேட் கம்பிக்குள் போய்க்கொண்டுதான் இருந்தன. சிலர் பூட்டை உடைக்கலாம் என்றார்கள். வன்முறை கூடாது என்று கண்டித்தேன்.

பிறகு கால அட்டவணை தயாரிக்க ஒரு கலந்தாய்வு. அதில் டீயா காபியா என்று ஒரு முன்கலந்தாய்வு. அறுப்பின் பண்டிகை, சபையாரின் அசன விருந்து, லெந்து நோன்பு நாட்கள் எல்லாம் கழித்துத் தேதி குறித்தேன். டீச்சரின் பேத்தி ரீபாவின் கல்யாணம் அதற்குள் வந்துவிட்டது. என்ன செய்ய, அட்டவணை அச்சாகிவிட்டதே!

கல்யாணத்தன்று கோயிலுக்குப் போகும் வழியில் கேட்டருகே நின்றேன். டீச்சர் பட்டுச்சேலையில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வக்கீலய்யா, சாவி ஒங்க பையிலதான இருக்கு? ஒரு நிமிசம் தொறந்துவிடுங்க. பிள்ளைக்குத் தாலி கட்டுறதப் பாத்துட்டு ஒடனே வந்துருதேன்."

"டீச்சர், தொறக்கணுமா வேண்டாமான்னுதான பேசவே போறோம்? பேசும் முன்னே தொறந்தா நான் ஒருபக்கம் சாஞ்சவன் ஆயிருவேனே."

"அப்பம் எனக்கு என்னதான் வழி?"

"அடுத்த அமர்வுக்கு வாங்க. விவரமாப் பேசுவோம்."

கோயில் மணி அடித்தது. டீச்சர் கம்பியை விடவில்லை. அழுதார் என்று நினைக்கிறேன், எனக்கு நேரமாகிவிட்டது. பிரியாணி பிரமாதம்.

அடுத்த அமர்வில் நெடுநேரம் காத்திருந்தோம். டீச்சர் வரவில்லை. அதற்கடுத்த அமர்வுக்கும் வரவில்லை. கனத்த மனத்தோடு அறிக்கை எழுதினேன்: 'சமரசம் தோல்வி. காரணம், சாரம்மாள் வீட்டைவிட்டு வெளியே வர மறுக்கிறார்.'

கையெழுத்துப் போடக் குனிந்தபோது பையிலிருந்து சாவி விழுந்தது. அப்பாத்துரைதான் எடுத்துக் கொடுத்தார்.

"பத்திரமா வச்சிக்கிடும் வே. மதினி வெளிய வந்துட்டா உம்ம அறிக்கை பொய்யாயிரும்லா!"