மூன்றாவது முறை கேட்க வரும் மருமகனுக்கு, என் பழைய போனைப் பற்றி

ஷு ரயிலடி,
மே மாதம், வியாழக்கிழமை.

என் தங்கை ஜெய்னெப் பெற்ற ஒரே பிள்ளையும், அல்மாத்தியில் நாற்காலியை விட்டு எழாமலே சம்பளம் வாங்கும் கெட்டிக்காரனுமான மருமகன் மெதெத்துக்கு, தாய்மாமன் கைர்கெல்தி ஆசி கூறி எழுதுவது. இங்கே நான் நலம். உன் அத்தை ராபிகாவின் முழங்கால் பரவாயில்லை. என் பல்செட் நலம். அங்கே ஆடுமாடும் ஆட்களும் சுகமா? உன் ஒன்பதாவது மாடியிலும் சரி, என் நான்காவது மாடியிலும் சரி, ஆடுமாடு ஏது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதைக் கேட்காமல் கடிதம் தொடங்கினால் எனக்குக் கை ஓடாது.

நிற்க. நீ செவ்வாய்க்கிழமை அனுப்பிய செய்தி கிடைத்தது. “மாமா, நீங்க வாங்கினீங்களே அந்த ஆறு வருஷப் பழைய போன், அதை இப்ப வாங்கினாலும் பிரயோஜனமா? கேமரா இன்னும் நல்லா எடுக்குதா? சனிக்கிழமை வரேன். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்” என்று எழுதியிருந்தாய். படித்ததும் போனை எடுத்துத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். உடன்பிறந்தவள் பிள்ளை தாய்மாமன் வீட்டில் மூன்று முறை எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக்கூடாது என்பது நம் வழக்கம். மறுத்தவனுக்குக் கை நடுங்கும் என்று வேறு என் அம்மா பயமுறுத்தி வைத்திருக்கிறாள். நீ ஆறு வயதில் வந்து, “மாமா, இந்த வேட்டை நாய் நல்லா ஓடுமா?” என்று விசாரித்தாய். நன்றாக ஓடும் என்றேன். உன்னோடு ஓடிப்போயிற்று. பத்தொன்பது வயதில் வந்து, “மாமா, இந்த பைக் இன்னும் ஓடுதா?” என்றாய். பக்கத் தொட்டி வைத்த அந்த பைக்கை மட்டுமா கொண்டு போனாய், தொட்டிக்குள் இருந்த உன் அத்தையின் முட்டைக்கூடையையும் சேர்த்தல்லவா ஓட்டிக்கொண்டு போனாய். இப்போது, “கேமரா நல்லா எடுக்குதா மாமா?” என்கிறாய். உன் விசாரிப்பு எந்த வழியாக உள்ளே வந்து எதைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும் என்று எனக்குத் தெரியாதா? இன்னும் ஒரே ஒரு தடவைதான் பாக்கி இருக்கிறது. அதை வீணாக்கிவிடாதே என்ற அக்கறையினால் மட்டுமே இதை எழுதுகிறேன். போனில் எழுதலாமே என்று நினைக்காதே. எழுத முடியாத அளவுக்கு அது மோசமாக இருப்பதால்தான் காகிதத்தில் எழுதி, வியாழக்கிழமை ரயிலில் கண்டக்டரம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன்.

வாங்கின நாளிலேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். சந்தையில் தில்முராத் கடைக்குப் போனேன். முப்பத்தொரு வருஷம் ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசல் கண்டுபிடித்தவன் நான். கடையிலிருந்த போனையெல்லாம் வரிசையாக நகத்தால் தட்டிப் பார்த்தேன். புதுசெல்லாம் தகர டப்பா போலச் சத்தம் போட்டன. இது ஒன்றுதான் கணீரென்றது. தில்முராத் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, “இது சாதாரணப் போன் இல்லீங்க. ஆறு வருஷத்துக்கு முன்னாடி அந்தக் கம்பெனியோட தலைச்சன் பிள்ளை, அவங்க செஞ்சதுலேயே உசத்தி. பெரிய பெரிய ஆளுங்க சட்டைப் பையில இருந்தது” என்றான். “அந்தப் பெரிய ஆளெல்லாம் இப்ப எங்கேப்பா?” என்று கேட்டேன். “ஆள் போயிட்டாங்க. போன் நிக்குது பாருங்க” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒரே ஒரு குறை. கம்பெனியிலேருந்து இனிமே இதுக்குப் புதுசா எதுவும் அனுப்பமாட்டாங்க” என்றான். “எனக்கும்தான் ரெண்டு வருஷமா எதுவும் அனுப்பல. ஓய்வு பெற்றவங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருந்துக்கிறோம், கொடு” என்று வாங்கி வந்துவிட்டேன். தொண்ணூறாயிரம் தெங்கே. இதே போன் பிறந்தபோது அதைப் போல ஆறு மடங்கு விலையாம். அப்படிப்பட்ட சாமான் இவ்வளவு மலிவாக வந்தால் சந்தேகப்பட வேண்டாமா? நான் சந்தேகப்படவில்லை. நீயாவது படு.

முதல் குறை, அதற்கு என்னைத் தெரியவில்லை. முகத்தைக் காட்டினால் திறக்கும்படி தில்முராத் பழக்கிக் கொடுத்தான். மறுநாள் காலையில் எழுந்து முகத்தைக் காட்டினால் திறக்க மாட்டேன் என்கிறது. தலையைச் சீவிக்கொண்டு காட்டினேன், தொப்பி போட்டுக்கொண்டு காட்டினேன், சிரித்தும் காட்டினேன், அதற்கும் மசியவில்லை. உன் அத்தை தேநீரை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்து, “பல்லை மாட்டிக்கிட்டுக் காட்டுங்க. பல்லில்லாம பாத்தா எனக்கே யாரோ மாதிரித்தான் இருக்கு” என்றாள். மாட்டினேன், திறந்துகொண்டது. அன்றிலிருந்து தினமும் இதே கூத்துதான். நீ இளைஞன், உனக்குச் சொந்தப் பல் இருக்கிறது என்று வாதாடுவாய். எத்தனை நாளைக்கு?

இரண்டாவது குறையைக் கேட்டால் உனக்கு அந்த ஆசையே விட்டுப்போகும். எதிர்வீட்டு சாபித்தின் பேரனுக்குக் காலில் கயிறு கட்டி அறுத்துவிடும் விருந்து. குழந்தை நடக்கத் தொடங்கியதற்குச் செய்யும் விருந்தில் நடந்தவர்களைவிட உட்கார்ந்து தின்றவர்கள்தான் அதிகம் என்பது உனக்குத் தெரியும். இறைச்சியை எடுத்த பிறகு பெரிய கொப்பரையில் சூப்பை இறக்கி ஆற வைத்திருந்தார்கள். மேலே கொழுப்பு பொன்வட்டமாக மின்னுகிறது, அதைப் படமெடுக்கலாம் என்று குனிந்தேன். கையிலும் கொழுப்பு, போனிலும் கொழுப்பு. தொபுக்கடீர் என்று உள்ளே போய்விட்டது. சாபித்தின் மனைவி குல்பான் அகப்பையைப் போட்டுத் துழாவினாள். ஒரு எலும்பு வந்தது, ஒரு உருளைக்கிழங்கு வந்தது, மூன்றாவதாகப் போன் வந்தது. நல்ல குடும்பத்துப் போனாக இருந்தால் அங்கேயே மரியாதையாகச் செத்திருக்கும். இது அகப்பையில் இருந்தபடியே அடித்தது. எடுத்தால் உன் அத்தை. “எங்கே இருக்கீங்க? குரல் என்ன குளத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு?” என்கிறாள். குல்பான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “நாப்பது பேருக்கு வெச்ச சூப்பு! போன் குளிச்ச தண்ணியை எவன் குடிப்பான்?” என்று கத்தினாள். சாபித் கிண்ணத்தை நீட்டி, “எனக்கு ஊத்து. எனக்கும் கொஞ்சம் சார்ஜ் ஏறட்டும்” என்றான். மற்றவர்கள் யாரும் தொடவில்லை. போன் செத்துப்போயிருந்தால் துக்கம் விசாரித்தாவது என்னை மன்னித்திருப்பார்கள். அது பிழைத்துக்கொண்டதால் பழி முழுவதும் என் தலையில் விழுந்தது.

கேமராவைப் பற்றித்தானே கேட்டாய்? சொல்கிறேன், கேள். அது தேவைக்கு மேல் பார்க்கிறது. நான்காவது மாடி பால்கனியிலிருந்து கீழே முற்றத்தில் டாமினோ ஆடுகிறவர்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாபித்தின் கையில் இருந்த கட்டைகளின் புள்ளிகள்கூடத் தெரிந்தன. நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் நிற்கவில்லை. “சாபித்! கையில ரெட்டை ஆறை வெச்சுக்கிட்டு ஏன்டா இல்லைங்கிற?” என்று மேலிருந்து குரல் கொடுத்துவிட்டேன். ஒரு வாரமாக என்னை ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. பெண்கள் வேறு. குல்பானை ஒரு படம் எடுத்தேன். பார்த்துவிட்டு, “என் மூஞ்சியில இத்தனை கோடு எங்கேருந்து வந்துச்சு?” என்றாள். “போன் என்னுது, கோடு உன்னுது” என்றேன். அதன் பிறகு பத்து நாள் அந்த வீட்டுத் தேநீர் எனக்கு இல்லை. பதினோராம் நாள் அவளே கதவைத் தட்டி, “அந்தப் படத்தைப் பெருசா போட்டுக் கொடுங்க. மகளுக்கு அனுப்பணும். அவ என்னைப் பாத்து மூணு வருஷமாச்சு, என்னை அப்படியே பாக்கட்டும்” என்றாள்.

மெதெத், உள்ளதைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு இரண்டு குளிர்காலம் என்னைத் தேடி யாரும் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. மீட்டர் பார்க்க வருகிறவன் தட்டினான், அவனும் தப்பான மாடி என்று சொல்லிவிட்டுப் போனான். சக்கரம் தட்டுகிறவனை யார் விருந்துக்குக் கூப்பிடுவார்கள்? இந்தப் போன் வந்த பிறகு, “கைர்கெல்தி அண்ணே, நீங்க வந்து நாலு படம் எடுத்தாத்தான் விருந்து மாதிரி இருக்கும்” என்கிறார்கள். போன மாதம் மட்டும் ஐந்து வீடு. பெரியவர்களுக்கு அருகில் உட்கார வைத்து இறைச்சி வைக்கிறார்கள். நான் போகாவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்கிறார்கள். எனக்கு அது போதும், மெதெத். அந்தப் போன் இல்லாத வீட்டில் மறுபடியும் சும்மா உட்கார்ந்து மீட்டர்காரனுக்காகக் காத்திருக்க என்னால் முடியாது.

மேலே உள்ள பத்தியைப் படிக்காதே. தவறுதலாக எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தினால் தாள் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

பாட்டரியைச் சொல்ல மறந்தேன். வாங்கியபோது மதியத்துக்கே படுத்துவிடும். அது ஒன்றுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது. தில்முராத் புதுப் பாட்டரி போட்டுக் கொடுத்துக் கெடுத்துவிட்டான். இப்போது இரண்டு நாள் நிற்கிறது. அதனால் உன் அத்தை என்னைக் கண்டுபிடிக்க முடியாத நேரம் என்று ஒன்று இல்லவே இல்லை. இதை எழுதும்போதே அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, “இத்தனை பொய்யும் ஒரே கடுதாசியில எப்படிங்க அடங்குச்சு?” என்றாள். “சின்ன எழுத்தா எழுதியிருக்கேன்” என்றேன். “அந்தப் பிள்ளை கேட்டா கொடுத்துத் தொலைங்களேன், என்னவோ பெத்த பிள்ளையைத் தாரை வார்க்கிற மாதிரி” என்கிறாள். அவளுக்கு என்ன, அவளை எல்லா விருந்துக்கும் கூப்பிடுகிறார்கள்.

ஆகவே என் முடிவான கருத்து: ஆறு வருஷத்துக்கு முந்தைய தலைச்சன் போனை இப்போது வாங்குவதும் வீண், கேட்பதும் வீண். சனிக்கிழமை நீ வாய் திறப்பதற்கு முன் வீட்டைச் சுற்றி நன்றாகப் பார். தேநீர் போடும் சமோவர் இருக்கிறது, கொதித்தால் ரயில் மாதிரியே கூவும். வரவேற்பறைக் கம்பளம் இருக்கிறது. உன் அத்தையின் தம்பி இருக்கிறான், அவனைக் கேட்டால் இன்றைக்கே மூட்டை கட்டி அனுப்புகிறேன். இவற்றில் எதைக் கேட்டாலும் மாமன் முகம் சுளிக்கமாட்டான்.

இரண்டு கையையும் விரித்து வாழ்த்துகிறேன். உன் பாதை வெள்ளையாக விரியட்டும், உன் அடுப்பு அணையாதிருக்கட்டும், நல்ல இடத்தில் பெண் அமையட்டும், கேட்பதற்கு முன் யோசிக்கும் புத்தி உனக்கு வரட்டும். பொட்டலத்தில் உன் அத்தை உருட்டிக் காயவைத்த தயிர் உருண்டை இரண்டு கிலோ இருக்கிறது. கடினமாக இருக்கும், உன் பல் தாங்கும்.

இப்படிக்கு,
உன்மேல் உயிரையே வைத்திருக்கும் தாய்மாமன்,
கைர்கெல்தி.

பின்குறிப்பு (பொட்டலத்தின் மேல், தைத்த துணியில், பென்சிலால்): மெதெத், உள்ளே இருக்கும் கடிதத்தைப் படிக்காதே. உருண்டையை மட்டும் எடுத்துக்கொண்டு கடிதத்தை அடுப்பில் போடு. பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோதுதான் உன் அம்மா போன் செய்தாள். “அண்ணா, மெதெத்துக்குப் பொண்ணு அமைஞ்சிருக்கு, செப்டம்பர்ல கல்யாணம். சனிக்கிழமை அவனே வந்து சொல்லணும்னு இருந்தான், எனக்கு வாய் தாங்கல. மூணாவதா உங்ககிட்ட அவன் கேக்கப்போறது என்னன்னு தெரியுமா? கல்யாணத்துல படம் எடுக்க மாமாதான் வேணுமாம். ‘காசுக்கு வர்றவன் கூட்டத்தை எடுப்பான்மா, மாமா நம்ம ஆளுங்களை எடுப்பாரு’ன்னு சொல்றான்” என்றாள். “அப்ப போனைப் பத்திக் கேட்டானே?” என்றேன். “அவனும் பொண்ணும் அதே போன் ஆளுக்கொண்ணு வாங்கலாம்னு பாக்குறாங்க. வேற எதுக்குக் கேப்பான்?” என்கிறாள். ஓடிப்போய்ப் பொட்டலத்தைத் திருப்பிக் கேட்டேன். கண்டக்டரம்மா, “பார்சல் சீட்டுல பதிஞ்சாச்சு. இனிமே அல்மாத்தியிலதான் இறங்கும். வேணும்னா மேல எழுதிக்குங்க, வண்டி கிளம்ப நாலு நிமிஷம் இருக்கு” என்று பென்சிலைக் கொடுத்தாள். நான் எழுதிய குறை அத்தனையும் பொய். போன் தங்கம். இரண்டாகவே வாங்கு. கேமராவும் தங்கம், கல்யாணத்தில் ஒருத்தர் முகத்தைக்கூட விடமாட்டேன். இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். சொல்லத்தான் உன்னைக் கூப்பிடப் போனேன், குரல் வரவில்லை. பிளாட்பாரத்தில் நின்று அழுகிற பழைய ரயில்வேக்காரனை எல்லோரும் வேடிக்கை பார்க்கிறார்கள். வண்டி ஊதிவிட்டது. இவ்வளவு சந்தோஷத்தில், கல்யாணம் முடிந்ததும் என் போனையும் நீயே எடுத்துக்கொள் என்று எழுதத்தான் வந்தேன். நல்லவேளை, துணியில் இடம் இல்லை.