இரண்டாம் பக்கத்து மூக்குக்கண்ணாடி

“எட்டுப் பேர் வந்தாங்கண்ணா. எட்டுப் பேரும் ஜன்னலைப் பாத்துட்டுப் போயிட்டாங்க. ஒருத்தர் எப்ப காலி பண்ணுவீங்கன்னு என்கிட்டயே கேக்குறாரு.”

பக்கத்து வீட்டு அண்ணன் தங்கையில், தங்கையின் குரல் சுவர் தாண்டி எங்கள் அடுப்படி வரை வந்தது. ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கில்லை. தண்ணீர் கொதிக்கிற சத்தம் இடைஞ்சலாக இருந்ததால் அடுப்பை அணைத்தேன், அவ்வளவுதான்.

அண்ணன் அச்சகத்தில் பிழை திருத்துபவர். பழைய நாவல்களாகப் படித்துப் படித்து, கதாநாயகி நுழையுமுன் அறையை மூன்று பக்கம் வர்ணிக்காவிட்டால் மனிதருக்கு மூச்சு முட்டும். முப்பத்தொன்பது வயதுவரை கல்யாணப் பேச்சையே எடுக்கவிடாத தங்கை, இப்போதுதான் வரன் விளம்பரத்துக்குச் சரி என்றிருந்தாள். அதற்கு அண்ணன் நான்கு பக்கம் எழுதினார்.

பத்திரிகையில் இடம் ஆறு வரி. விளம்பரப் பிரிவில் வெட்டிச் சுருக்குபவருக்குக் ‘கத்திரி’ என்றே பேர். அவர் வெட்டியதில் தங்கை போய்விட்டாள். மாலை வெயில் விழும் ஜன்னல் மட்டும் மிஞ்சியது.

“வீட்டு வர்ணனையை எடுத்துடறேம்மா,” என்றார் அண்ணன், அடிபட்ட குரலில்.

அடுத்த முறை, மருந்துக்கடையில் அவள் வேலை செய்யும் அழகை எழுதினார். அச்சில் வந்ததோ, மாத்திரைகளைப் பார்க்காமலே எண்ணும் விரல்களும் பதினைந்து வருட அனுபவமும். மூன்று மருந்துக்கடைக்காரர்கள் வேலைக்குக் கூப்பிட்டார்கள். விரல்களை எடுத்துவிட்டுக் குரலை வர்ணித்தார். பாட்டுக் கற்றுக்கொள்ளப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோர் வந்து நின்றார்கள்.

அன்று அவள் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“ஆறு வரியில, இப்படி ஒருத்தி இருக்கான்னு உன்னால சொல்ல முடியலையாண்ணா?”

பேர், வயசு, வேலை என்று மருந்துச்சீட்டு அளவுக்கு அவளே எழுதிக்கொண்டு பத்திரிகை அலுவலகம் போனாள். தூறல். கத்திரியின் மேஜைக்கு எதிரே நின்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கத்திரி நிமிர்ந்தவர் நிமிர்ந்தபடியே இருந்தாராம்.

“துடைச்சதும் ஒரு தடவை வெளிச்சத்துல தூக்கிப் பாப்பீங்கன்னு உங்க அண்ணன் எழுதினதுல ரெண்டாம் பக்கத்துல இருந்துச்சு,” என்றாராம்.

அப்போதுதான் அவள் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் அவளே என்னிடம் சொன்னாள். நான் நாலு தடவைதான் கேட்டேன்.

அந்த வாரம் விளம்பரம் வரவில்லை. கத்திரி வந்தார், இஸ்திரி போட்ட சட்டையில், நான்கு பக்கங்களையும் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு. கல்யாணம் முடிந்து இரண்டு தெரு தள்ளிக் குடிபோனார்கள். வர்ணனை ஜெயித்துவிட்டதென்று அண்ணன் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாமான் ஏற்றிய அன்று மாப்பிள்ளையிடம் என் சந்தேகத்தைக் கேட்டுவிட்டேன்: இருபது வருஷமாக வெட்டுகிறவருக்கு இதில் மட்டும் மூன்று தடவையும் எப்படிக் கை தவறியது?

அவர் மச்சான் உள்ளே இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துக் குரலைத் தணித்தார்.

“தவறலைங்க. முதல் வாரமே நாலு பக்கத்தையும் படிச்சிட்டேன். வேற யாரும் படிச்சிடக் கூடாதுன்னுதான் வெட்டினேன்.”