ஈரத்துணியும் சுவர் சுவிட்சும்

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

நம் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக் கம்ப்யூட்டரைக் கெடுத்துக்கொண்டிருப்பது நீங்கள்தான். நலம் விசாரிப்பதெல்லாம் இதற்குப் பிறகு. சித்திக்கு மட்டும் என் வணக்கம். அவருக்கு இதில் சம்பந்தமில்லை.

நீங்கள் வேலையை விட்டு அனுப்பிய சாவியக்காவுக்காக எழுதுகிறேன். தினமும் நமக்கெல்லாம் முன்னால் வந்து கதவைத் திறந்து, தரையைத் துடைத்து வைத்த மனுஷியிடம், ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த அத்தனை பேர் முன்னிலையிலும் சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டீர்கள். ஈரத்துணியோடு அறைக்குள் போனதால்தான் கம்ப்யூட்டர் கெட்டதாம். "தரையத்தான சார் தொடச்சேன், அது மேசமேல இருக்கு" என்றார் அவர். நீங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் கம்ப்யூட்டரில் மென்பொருள்களை இறக்கவும் புதுப்பிக்கவும் பேக்கேஜ் மேனேஜர் என்று ஒன்று இருக்கிறது. எது எங்கே இருக்கிறது என்று அது குறித்துவைக்கும் டேட்டாபேஸ்தான் பழுதாகிறது. எப்போதும் பழுதென்றால் பரவாயில்லை, இது நினைத்தால் பழுது. நான் தனியாக உட்கார்ந்தால் முகத்தில் அடித்தாற்போல் பிழை காட்டும், உங்களைக் கூப்பிட்டுக் காட்டினால் பரம சாதுவாக ஓடும், நீங்கள் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பீர்கள், நான் டேட்டாபேஸைப் புதிதாகக் கட்டிவைப்பேன், நாலு நாள் ஒழுங்காக இருந்துட்டு மறுபடி ஆரம்பிக்கும், நீங்க உடனே டிவி ரிப்பேர்காரரக் கூட்டிட்டு வருவீங்க, அவர் பெட்டிய மோந்து பார்த்துட்டு ஈரம் பட்டிருக்கும்பார், அந்த மூக்குக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுப்பீங்க. அந்த மூக்க நம்பித்தான் ஒரு ஆளோட பிழைப்பக் கெடுத்தீங்க. ஏதாவது கெட்டுப்போனா யாரப் பிடிக்கணும்னு உங்களுக்கு யாரும் சொல்லித்தரவே வேண்டாம், சம்பளம் ரொம்பக் குறைவான ஆள்கிட்டேயிருந்து ஆரம்பிப்பீங்க.

காரணத்த நான் கண்ணால பார்த்துட்டேன் சித்தப்பா. அப்டேட் போட்டுட்டுக் கை கழுவப் போனேன். நீங்க உள்ள வந்து விளக்க அணைச்சீங்க, ஃபேன அணைச்சீங்க, அதே கையோட கம்ப்யூட்டரோட சுவர் சுவிட்சையும் அணைச்சீங்க. எழுதிட்டிருக்கிறவன் கையிலேர்ந்து பேனாவப் பிடுங்கினா பாதி எழுத்துதானே நிக்கும்? கேட்டதுக்கு, "ஆளில்லாத ரூம்ல அது எதுக்குடா ஓடுது?"ன்னு என்னையே திட்டினீங்க.

ஆகவே சாவிக்கொத்தை நீங்களே சாவியக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். முடிந்தால் நாலு பேர் பார்க்கக் கொடுங்கள், பிடுங்கும்போது பார்த்தார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சுவிட்சைப் பார்த்தால் விலகிப் போங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்

பி.கு.: உறையை ஒட்டும் முன் இது. நீங்கள் வெளியூர் போனதிலிருந்து அந்தச் சுவிட்சை யாரும் தொடவில்லை. டேட்டாபேஸையும் புதிதாகக் கட்டியிருந்தேன். இன்று அதே பிழை மறுபடி வந்தது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மெமரியைச் சோதித்தேன். கெட்டுப்போயிருப்பது அதுதான், அவ்வப்போது தப்புத் தப்பாக எழுத வைத்திருக்கிறது. ஆக, காரணம் உங்கள் சுவிட்சும் இல்லை, அவர் ஈரத்துணியும் இல்லை. மேலே உங்களைக் குற்றம் சொன்னதையெல்லாம் அடித்துவிடுங்கள். காரணமில்லாமல் பழி சுமந்ததில் நீங்களும் சாவியக்காவும் இப்போது ஒன்றுதான். ஆனால் உங்கள் நாற்காலி பறிபோகவில்லை.

போனில் இதைச் சொன்னபோது, "சரி, மெமரிய மாத்திடு" என்றீர்கள். சாவிக்கொத்தைப் பற்றிக் கேட்டேன். மெமரி என்ன விலை என்று கேட்டீர்கள். எழுத்திலும் கேட்டுவைக்கிறேன்: எப்போது கொடுக்கப் போகிறீர்கள்?