ஷோகேஸுக்கு முறை சொல்பவர்

போட்டோ ஸ்டூடியோ வாசலில் செருப்பைக் கழற்றுவார், உள்ளே போகமாட்டார். துண்டின் நுனியால் ஷோகேஸ் கண்ணாடியில் வட்டமாக ஒரு துடைப்பு, அதில் மூக்கு, அப்புறம் விரல். "இது மாமியாரு. இது ஓர்ப்படி. பின்னால மொறைச்சிகினு கீறான் பாரு, அவன் ஊட்டோட மாப்ள." கேட்டது யார்? ஒருவருமில்லை. முறைசொல்லி என்னும் இனம் இது. ஊருக்கு ஒருவர் உண்டு. பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு வாய்த்தவர் பரந்தாமன்.

ஸ்டூடியோக்காரர் கஜபதி அவரைக் கண்டால் மேஜை டிராயரைப் பூட்டிவிடுவார். காரணம் இருந்தது. இருபது வருஷமாகக் கல்யாண ஜோடிகளை நிற்கவைத்த அதே நிலா வரைந்த திரைக்கு முன்னால், கதவைச் சாத்திக்கொண்டு வேறு படங்களும் எடுத்துவந்தார்: புடவை கட்டி முகவாயில் விரல் வைத்து நிற்க ஆசைப்பட்டவர்கள், ஒரே நாற்காலியில் நெருங்கி உட்கார்ந்த மில் தோழர்கள், மீசை வரைந்துகொண்ட ஒரு நர்ஸ். எல்லாம் கவருக்குள் போகும், ஷோகேஸுக்கு வராது. தொண்ணூற்றிரண்டில், அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை செய்யும் நாகவல்லியும் புஷ்பாவும் மாலையும் கழுத்துமாகப் படம் எடுத்துக்கொண்டு கேட்டார்கள்:

"ஊர்ல கீற ஜோடியெல்லாம் கண்ணாடில தொங்குது. நாங்க மட்டும் கவருக்குள்ளயாண்ணா?"

மாட்டிவிட்டார். மாட்டியதிலிருந்து சோறு இறங்கவில்லை. கல் விழுந்தால் கண்ணாடி போகட்டும். அந்தப் பெண்கள் மறுநாள் எப்படி பஸ் ஏறுவார்கள்?

அன்று சாயங்காலமே மூக்கு வந்து ஒட்டியது. வெகுநேரம் ஒட்டியிருந்தது. கூடவே சைக்கிள் கடை கோவிந்தன்.

"அக்கா தங்கச்சி" என்றார் பரந்தாமன்.

"இன்னா நைனா, ஜாடையே இல்ல?"

"பெரிம்மா பொண்ணுடா."

"மாலை போட்டுகினு கீதுங்களே?"

"கபடில ஜெயிச்சதுங்க."

"பட்டுப் பொடவைலயா?"

"ஜெயிச்சப்புறம் கட்னது! நீ எதுல ஜெயிச்ச, உனக்குத் தெரியறதுக்கு?"

கோவிந்தன் போய்விட்டான். ஒரு வாரத்தில் கபடிச் சகோதரிகளைத் தெரியாதவர் பஸ் நிலையத்தில் இல்லை. எந்த மாவட்டத்தைத் தோற்கடித்தார்கள் என்று டீக்கடையில் சண்டை. படம் ஷோகேஸின் நடுவுக்கு வந்தது. கஜபதிக்குச் சோறு இறங்கியது. புஷ்பா மட்டும், "ஜோடின்னு ஒர்த்தர்கூடச் சொல்லலியேண்ணா" என்றாள்.

சிரிக்காதீர்கள். "இது யாரு, அவருக்கு என்ன ஆகணும்?" என்று கேட்காமல் அடுத்தவர் ஆல்பத்தில் ஒரு பக்கமாவது புரட்டியதுண்டா நீங்கள்? பரந்தாமன் இன்ன ரகம் என்று, என் பேச்சை நம்பி, முத்திரையும் குத்திவிட்டீர்களே!

அவர் காலமான பிறகுதான் அவர் மனைவி சாமுண்டீஸ்வரி புஷ்பாவிடம் சொன்னாள். படம் மாட்டிய அன்றே வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னாராம்: "சோக்கான ஜோடிடி. எவன் கண்ணும் பட்டுடக் கூடாது."